ஏட்டில் நின்ற பெயர்கள்



இவ்வெள்ளி விழாவில் நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் தொலைநாட்டைச் சேர்ந்தது. அமெரிக்காவின் மேற்கு எல்லைப்புறத்தை ஆராயச் சென்றோரின் குறிப்பேடுகளைத் தேடிப் பதிப்பித்த ரூபன் கோல்ட் துவெயிட்ஸ் என்னும் வரலாற்றறிஞரின் நூல்களே அப்பொருள். யாருடைய பெயர் வரலாற்றில் நிற்கிறது, எதனால் நிற்கிறது என்னும் வினாவுக்கு அந்நூல்கள் விடை தருகின்றன.

துவெயிட்ஸ் 1853இல் பிறந்தவர். செய்தித்தாள் பணியிலிருந்து வந்து, 1887இல் விஸ்கான்சின் மாநில வரலாற்றுக் கழகத்தின் செயலாளரானார். 1913இல் மறையும் வரை அப்பணியில் இருந்தார். இயேசு சபைத் துறவியர் வட அமெரிக்காவிலிருந்து எழுதிய அறிக்கைகளை 73 தொகுதிகளாகவும், மேற்கு நிலப் பயண நூல்களை 32 தொகுதிகளாகவும் பதிப்பித்தார். 1904, 1905ஆம் ஆண்டுகளில் லூயிஸ், கிளார்க் இருவரின் மூல நாட்குறிப்புகளை 8 தொகுதிகளாக வெளியிட்டார். நாம் சிறப்பாக எண்ண வேண்டியது இதனையே.

குடியரசுத் தலைவர் ஜெபர்சன் அனுப்பிய அக்குழு 1804 மே மாதம் மிசௌரி ஆற்றின் வழியே புறப்பட்டுப் பசிபிக் கடலைக் கண்டு, 1806 செப்டம்பரில் திரும்பியது. 1814இல் நிக்கோலஸ் பிடில் அக்குறிப்புகளைச் சுருக்கிக் கதைபோல் தந்தார். மூல ஏடுகளுட் பெரும்பகுதி பிலடெல்பியாவில் ஓர் அறிஞர் கழகத்தில் கிடந்தது. அவற்றைத் துவெயிட்ஸ் முழுமையாக அச்சேற்றினார். கிளார்க்கின் வழித்தோன்றல்களிடம் இருந்த ஏடுகளையும் தேடிப் பெற்றுச் சேர்த்தார். பயணத்தின்போதே இறந்த பிளாய்டு என்னும் படைவீரரின் குறிப்பேட்டைத் தம் கழகத்தின் பழைய தாள்களுக்கிடையே 1893இல் கண்டெடுத்து, அதனையும் இணைத்தார்.

இவ்வாறு மூலம் முழுமையாக வெளிவந்ததனால் எளியோர் சிலரை நாம் அருகிருந்து காண முடிகிறது. 1805 நவம்பர் 24ஆம் நாள், குளிர்காலத்தில் எங்குத் தங்குவது என்று குழுவினர் ஒவ்வொருவரையும் கேட்டனர். கிளார்க் அக்கருத்துகளைப் பெயர் பெயராக எழுதினார். அப்பட்டியலில் யார்க் என்னும் பெயர் உள்ளது. யார்க், கிளார்க்கின் அடிமை, கறுப்பினத்தவர். ஷோஷோனி குலத்துச் சாக்கஜாவியா என்னும் இளந்தாயின் கருத்தும் அங்கே குறிக்கப்பட்டுள்ளது. அடிமையின் சொல்லும் பெண்ணின் சொல்லும் ஒரு நாள் மற்றவர் சொல்லோடு ஒரே ஏட்டில் ஏறின.

ஆனால் திரும்பிய பின் நடந்தது யாது? வீரர்களுக்கு இரட்டைச் சம்பளமும் ஆளுக்கு 320 ஏக்கர் நிலமும் கிடைத்தன. சாக்கஜாவியாவின் கணவருக்கு ஏறத்தாழ 500 டாலர் கிடைத்தது. அவருக்கோ, யார்க்குக்கோ ஒன்றும் இல்லை. கிளார்க் தம் தமையனுக்கு எழுதிய கடிதங்கள் 2002இல் நூலாக வெளிவந்தன. யார்க் விடுதலை கேட்டார், இல்லையேல் தம் மனைவி வாழும் ஊரருகே வேலைக்கு விடுமாறு கேட்டார், கிளார்க் மறுத்தார். இதனை அக்கடிதங்கள் தெரிவிக்கின்றன.

இங்கே நாம் ஒன்றைக் கருத வேண்டும். யார்க் தம் கையால் எழுதிய குறிப்பு ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் துணிவையும் துயரையும் நாம் அறிவது, அவரை உடைமையாக வைத்திருந்தவரின் எழுத்தினாலேயே. அக்குழுவில் பாட்ரிக் கேஸ் என்னும் தச்சரும் இருந்தார். அவர் பள்ளியிற் பயின்றது மிகச் சிறிது. ஆயினும் நாள்தோறும் குறிப்பெழுதினார். தலைவர்களின் வரலாறு அச்சேறுவதற்கு 7 ஆண்டுகள் முன்னரே, 1807இல் அவருடைய நூல் வெளிவந்தது.

துவெயிட்ஸின் தொண்டுக்கும் எல்லை உண்டு. அவர் பார்வை பெரிதும் பயணியரின் பக்கத்திலிருந்தே எழுந்தது. அவர்கள் கண்டறிந்ததாகச் சொல்லப்பட்ட நிலத்தில் முன்பே மக்கள் வாழ்ந்தனர். 1804ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் மாண்டன் மக்கள் தந்த சோளமும், மறு ஆண்டு மலை கடந்து பசியால் வாடி வந்தவர்களுக்கு நெஸ் பெர்ஸ் மக்கள் இட்ட உணவும் இல்லையேல் அப்பயணம் நிறைவேறுவது அரிதாயிருக்கும். ஜேம்ஸ் ரோண்டா 1984இல் எழுதிய நூல், அதே நாட்குறிப்புகளைத் தொல்குடி மக்களின் பக்கம் நின்று படித்தது. கேரி மௌல்டன் 1983 முதல் 2001 வரை 13 தொகுதிகளாக வெளியிட்ட பதிப்பு, துவெயிட்ஸின் பதிப்பினும் நிறைவானது. ஏடு காக்கப்பட்டால், பின்வருவோர் அதனைப் புதுக் கண்ணோடு படிப்பர். ஏடே அழிந்தால், படிப்பதற்கு ஒன்றுமில்லை.

இளைஞர்களே, கல்வி வேலைக்கு வழிகாட்டுவது மட்டுமன்று; நம்மைப் பற்றி நாமே எழுதும் உரிமையையும் தருவது. நம் முன்னோர் கொடுத்த மனுக்கள், பள்ளிச் சான்றுகள், நிலப் பத்திரங்கள், இச்சங்கத்தின் கூட்டக் குறிப்பேடுகள் ஆகியவற்றைப் பழந்தாள் என்று எறியாதீர். முதியோர் சொல்வதை, நாளும் இடமும் குறித்து, எழுதி வையுங்கள். நம் வாழ்வு பிறர் ஏட்டின் ஓரத்தில் ஒரு பெயராக மட்டும் நின்றுவிடலாகாது. பொன்விழாக் காணும் நாளில் இச்சங்கத்தின் நூலகத்தில் நம் கையெழுத்து ஏடுகள் வரிசையாக நிற்கட்டும்.