மறையூரும் ஓணமும்

ஆவணித் திங்களில் கேரளத்தின் முற்றங்களெல்லாம் பூக்கோலம் பூணுகின்றன. மாவலி மன்னனை வரவேற்கும் அறுவடைத் திருநாளாகிய ஓணம், அம்மாநிலத்தின் பெருவிழா. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழ் வழங்கும் மறையூரும் கேரளத்தில் அடங்கிற்று. ஆயின் ஓணம் அவ்வூரார்க்கு அயலார் விழாவோ?

அஞ்சுநாட்டு மக்கள் தம் முன்னோர் மதுரைப் பக்கமிருந்து மலையேறியவர் என்பர். அம்மதுரையிலேயே மாயோனுக்குரிய ஓணநாள் சிறப்புற நடந்ததை மதுரைக்காஞ்சி உரைக்கின்றது. தமிழகத்தில் பெரிதும் மங்கிவிட்ட அவ்விழாவைச் சேரநாடு போற்றிக் காத்தது. இன்று மறையூர் வெல்லமும் காந்தளூர்க் காய்கறியும் ஓண விருந்தில் சேர்கின்றன.

பிற மாநிலங்களில் வாழும் நாம் பொங்கலைக் கைவிட வேண்டுவதில்லை. அண்டை வீட்டார் விழாவையும் அன்புடன் நோக்குவோம். நாம் மறந்த நம் செல்வம் அங்கே இருத்தல் கூடும்.