மகள் கட்டிடக்கலை படிக்க வெளிநாடு போகணுமா? முதலில் விசாரிப்போம்

(கூட்டமைப்புக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பதினைந்து வருஷம் சித்தாள் வேலை பார்த்தவள். அரியலூர் சுண்ணாம்புக்கல்லில் சிமெண்ட் செய்யுறாங்க. அதை நாம சுமக்குறோம். ஆனால் அடுப்படிப் புகை எந்தப் பக்கம் போகணும்னு நம்மளை யாரும் கேட்டதில்லை. அதனால என் மக பிளஸ் டூ முடிச்சிட்டு, "வெளிநாட்டுல ஆர்க்கிடெக்ட் படிக்கணும்மா"ன்னு சொன்னப்போ எனக்குச் சந்தோஷம்தான். கூடவே பயமும் வந்தது.

ஒரு ஏஜெண்ட் வீட்டுக்கே வந்தார். மனைப் பத்திரத்தை அடகு வச்சுப் பணம் கட்டுங்க, சீட்டு ரெடி என்றார். குழுக் கூட்டத்தில் சொன்னேன். "கையெழுத்துப் போடாதேக்கா, முதல்ல விசாரிப்போம்" என்றார் எங்க ஊக்குநர். விசாரித்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்றேன்.

ஒன்று: 1972-ம் ஆண்டுச் சட்டப்படி, ஆர்க்கிடெக்ட் என்று பேர் போட்டுத் தொழில் செய்ய, கட்டிடக்கலை கவுன்சிலில் பதிவு வேண்டும். எல்லா வெளிநாட்டுப் பட்டத்தையும் கவுன்சில் ஏற்காது. பணம் கட்டும் முன்பே இதைக் கேட்டுக்கணும்.

இரண்டு: நம்ம நாட்டிலேயே பி.ஆர்க். படிப்பு 5 வருஷம். பிளஸ் டூவில் கணிதம் எடுத்திருக்கணும், நாட்டா நுழைவுத் தேர்வு எழுதணும். பக்கத்தில் திருச்சி என்.ஐ.டி.யில்கூட இந்தப் படிப்பு இருக்கு. அங்கே சேர ஜே.இ.இ. தேர்வில் இதற்கென உள்ள தாளை எழுதணும்.

மூன்று: மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை மேல்படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும்தான்; முதல் பட்டத்துக்குக் கிடையாது. பட்டியல் இனத்தார், சீர்மரபினர், நிலமில்லாத விவசாயக் கூலிகள், பரம்பரைக் கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகள் கேட்கலாம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள், வயது 35-க்குள், பட்டப்படிப்பில் 60 சதவீத மதிப்பெண் இருக்கணும்.

நான்கு: கல்விக்கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி பொதுவாகச் சொத்து ஈடு கேட்கும். வெளிநாட்டுப் படிப்புன்னா செலவில் 15 சதவீதம் நம்ம கையிலிருந்து போடச் சொல்வாங்க.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். முதல் பட்டம் இங்கே, மேல்படிப்பு வெளியூரில் என்று முடிவு செய்தோம். மக இரண்டு நாள் சாப்பிடாம அழுதா. அவளுக்கு மினெட் டி சில்வா கதையைச் சொன்னேன்.

அவர் 1918-ல் இலங்கை கண்டியில் பிறந்தவர். அம்மா ஆக்னஸ், பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடியவர். அப்போ அங்கே இந்தப் படிப்பு இல்லை. மினெட் முதலில் பக்கத்தில் மும்பைக்குத்தான் வந்தார், பிறகுதான் லண்டன் போனார். 1948-ல் பிரிட்டிஷ் ராயல் கட்டிடக்கலைஞர் கழகத்தில் இடம்பெற்ற முதல் ஆசியப் பெண் ஆனார். படித்துவிட்டு அங்கேயே தங்கிவிடவில்லை, கண்டிக்கே திரும்பினார். அங்கே வட்டபுலுவ குடியிருப்புக்குப் படம் வரையும் முன், குடும்பங்களுக்குக் கேள்வித்தாள் கொடுத்து, உங்களுக்கு எப்படி வீடு வேணும்னு கேட்டார்!

என் மக இப்போ பி.ஆர்க். மூன்றாம் வருஷம். லீவில் வந்தா நம்ம அடுப்படியை அளந்து படம் போடுறா. வெளிநாட்டுக் கனவு அப்படியே இருக்கு. மனைப் பத்திரமும் பெட்டியிலேயே இருக்கு.

சகோதரிகளே, பிள்ளைங்க ஆசையை மறிக்காதீங்க. அதே நேரம், குழுவில் பேசாமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீங்க.