சித்திரையில் மூட்டை கட்டாதீர்கள்



பங்குனி பிற்பாதி வந்தால் என் கைத்தொலைபேசிக்கு ஒரே செய்திதான் திரும்பத் திரும்ப வரும். “சீசன் முடிஞ்சுது அண்ணே, இனி ஐப்பசியிலதான்.” பறவை பார்க்கிற நண்பர்கள் அனுப்புவது. மன்னாரில் பூநாரையைப் படம் பிடித்தாயிற்று, புந்தலவில் உள்ளான்களை எண்ணியாயிற்று, நீட்டு லென்ஸைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தாயிற்று. இனி ஆறு மாதத்துக்கு அவர்களைப் பொறுத்தவரை கொழும்பில் பறவையே இல்லை.

எனக்கு இதில் கோபம் உண்டு. இன்றைக்கு அந்தக் கோபத்தோடுதான் கதைக்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லண்டனில் இருக்கும் உறவினர்கள் சித்திரை மாதத்தில் படங்கள் அனுப்புவார்கள். யோர்க்ஷயரில் பெம்ப்டன் என்ற கடலோரப் பாறைச்சுவர், அதில் ஆயிரக்கணக்கில் கூடு கட்டும் கடற்பறவைகள். தகைவிலான்கள் ஆபிரிக்காவில் இருந்து திரும்பிவந்து மாட்டுக்கொட்டில்களில் நுழையும் காட்சி. “உங்களுக்கு அங்கே வசந்தமே இல்லையே” என்று ஒரு வரியும் சேர்ந்து வரும். அங்கே வசந்தம் என்றால் வருகை. இங்கே வசந்தம் என்றால் புறப்பாடு. வித்தியாசம் அவ்வளவுதான். புறப்பாட்டைப் பார்க்கத் தெரியாதவன்தான் சீசன் முடிந்தது என்பான்.

பேர வாவிப் பக்கம் பின்னேரத்தில் நடக்கிறவர்கள் மீசை ஆலாவைக் கண்டிருப்பீர்கள். தண்ணீருக்கு மேலே தாழப் பறந்து, சட்டென்று குனிந்து கொத்திக்கொண்டு போகுமே, அதுதான். மார்கழியில் பார்த்தால் வெளிறிப்போன சாம்பல் நிறம், கவனிக்கவே தோன்றாது. பங்குனி முடிகிற நேரம் பாருங்கள். உச்சந்தலை கன்னங்கரேலென்று ஆகிவிடும், அலகு சிவக்கும், வயிறு கருஞ்சாம்பலாகும். கலியாண வீட்டுக்கு உடுத்திப் புறப்படுகிறவர்களைப் போலத்தான் அது கொழும்பை விட்டுப் போகிறது. நம்முடைய லென்ஸ்காரர்கள் அதற்கு முதலே போய்விடுகிறார்கள்.

சரி, வலசைப் பறவைகள் போகட்டும். நான் சொல்லவந்தது போகாத ஒன்றைப் பற்றி. குயில்.

குயிலா என்று சில பேர் இப்போதே வானொலியின் சத்தத்தைக் குறைப்பீர்கள் என்று தெரியும். சித்திரை பிறக்க இரண்டு கிழமை இருக்கும்போதே வங்கி விளம்பரம், பிஸ்கட் விளம்பரம் எல்லாவற்றிலும் ஒலிப்பதிவு செய்த ஒரு குயில் கூவத் தொடங்கிவிடும். சிங்கள அயலவர்கள் அதைக் கொஹா என்பார்கள். எறபது பூவும், அதாவது நம்முடைய முள்முருக்கம் பூவும், கொஹாவின் குரலும் இல்லாமல் அவர்களுக்குப் புதுவருடம் இல்லை. விளம்பரக் குயிலைக் கேட்டுக் கேட்டு நிஜக் குயிலைக் கேட்கிற காது நமக்கு அடைத்துப்போய்விட்டது.

ஆண்தான் பாடும், பெண் பாடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் அங்கே நிற்கப் போவதில்லை. விடிய நாலரைக்கு எழும்பி அந்தப் பாட்டைக் கவனியுங்கள். ஒவ்வொரு கூவலும் முந்தியதைவிட ஒரு படி மேலே ஏறும். ஏறி, ஏறி, இதற்கு மேலே போகாது என்கிற இடத்தில் சட்டென்று அறுந்துவிடும். கொஞ்சம் அமைதி. பிறகு மறுபடி அடியில் இருந்து. அது ஓய்ந்ததும் இன்னொரு குரல் கேட்கும். கிக் கிக் கிக் கிக் என்று கூர்மையாக, சண்டைக்கு வருகிற மாதிரி. அதுதான் பெண். எனக்குப் பிடித்தது அந்தக் குரல்தான். பாட்டுக்காரனைப் பற்றி எழுதாத கவிஞன் இல்லை. வேலைக்காரி அவள்தான்.

என்ன வேலை என்கிறீர்களா? காகத்தின் கூட்டில் முட்டையிடுகிற வேலை. இது நீங்கள் அறிந்த கதை. ஆனால் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

பார்க்க வேண்டுமானால் ஒரு வழி சொல்கிறேன். குயிலைத் தேடாதீர்கள். காகத்தின் கூட்டைத் தேடுங்கள். திரும்பவும் சொல்கிறேன்: குயிலைத் தேடாதீர்கள், காகத்தின் கூட்டைத் தேடுங்கள். கொம்பனித்தெருவில் அதற்குக் குறைவில்லை. கியூ வீதியில் சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் பக்கம், யூனியன் பிளேஸ் ஓரம், ரயில் நிலையத்துப் பக்கம் என்று மிஞ்சியிருக்கிற மரங்களில் சுள்ளியும் வயர்த் துண்டும் கலந்து ஒரு மூட்டை தெரியும். அதற்கு நேரே ஒரு மாடி, ஒரு கதிரை, ஒரு பிளேன்டீ. பைனாகுலர்கூட வேண்டாம்.

முதலில் கறுப்புக்காரன் வருவான், செங்கண்ணோடு. கூட்டுக்குக் கிட்ட வந்து, காகத்துக்குத் தெரியும்படியாகவே கூவுவான். காகங்கள் இரண்டும் கோபத்தோடு அவனைத் துரத்திக்கொண்டு ஓடும். அவன் தூரத் தூர இழுத்துக்கொண்டு போவான். அந்த இடைவெளியில், இலைக்குள்ளே இவ்வளவு நேரம் மூச்சுக் காட்டாமல் இருந்த புள்ளிச் சிறகுக்காரி கூட்டுக்குள் நுழைவாள். கொஞ்ச நேரம்தான். வேலை முடிந்தது. நீங்கள் துரத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்களானால் காகத்தைப் போலவே நீங்களும் ஏமாந்தீர்கள். துரத்தலைப் பார்க்காதீர்கள், கூட்டைப் பாருங்கள். கண்ணை அதைவிட்டு எடுக்காதீர்கள்.

இன்னொரு சங்கதி. 1880 வரைக்கும் இலங்கையில் குயில் அண்டங்காகத்தின் கூட்டில் மட்டுமே முட்டையிட்டதாகத்தான் பதிவு. அதற்குப் பிறகே நம்முடைய ஊர்க்காகத்தின் கூட்டுக்கும் இடம் மாறியிருக்கிறது. ஆகவே நாம் பல்கனியில் இருந்து பார்க்கிற இந்த நாடகம் ஆதிகாலத்தில் இருந்து வருவதில்லை. பட்டணத்தோடு சேர்ந்து வளர்ந்தது.

குயில் முட்டை பன்னிரண்டு, பதினாலு நாளில் பொரிக்கும். காகத்தின் முட்டைக்கு மூன்று நாள் அளவில் முந்திக்கொள்ளும். இங்கிலாந்துக் குயிலினத்தின் குஞ்சு கண் திறக்க முன்னமே மற்ற முட்டைகளை முதுகால் தள்ளிவிடும் கொலைகாரன். நம்முடையது பெரும்பாலும் அப்படியில்லை. காகக் குஞ்சுகளோடு குஞ்சாக ஒரே கூட்டில் வளரும். எனக்கு நம்முடையதைத்தான் பிடிக்கும், வேறு என்ன சொல்ல?

என் அம்மா சனிக்கிழமை தவறாமல் காகத்துக்குச் சோறு வைப்பா. ஒரு ஆனி மாதம் மதிலில் சோற்றைக் கொத்திய காகம் தான் விழுங்காமல் பக்கத்தில் கத்திக்கொண்டிருந்த ஒரு புள்ளிக் குஞ்சின் வாயில் ஊட்டியது. நான் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தா. “சனீஸ்வரனுக்கு வைக்கிறது ஆருக்குப் போகுது பார்” என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் இன்னொரு பிடி கொண்டுவந்து வைத்தா.

பறவை பார்க்கும் இந்தக் கலையில் கண்ணைவிடக் காது முக்கியம். நான் வானொலியில் இருப்பதால் சொல்லவில்லை. பறவையியலாளர் தீபால் வரக்காகொட 1995இல் கித்துல்கலைக் காட்டில் இனந்தெரியாத ஒரு குரலைக் கேட்டார். குரல்தான், பறவை இல்லை. அந்தக் குரலுக்குரியதை அவர் கண்ணால் கண்டது 2001இல், சிங்கராஜ வனத்தில். ஒரு சின்ன ஆந்தை. 2004இல் அது உலகத்துக்குப் புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. 1868க்குப் பிறகு இலங்கையில் கிடைத்த முதலாவது புதிய பறவையினம் அது. லென்ஸ் கண்டுபிடித்ததல்ல, காது கண்டுபிடித்தது.

காது ஏமாறாதா என்று கேட்பீர்கள். ஏமாறும். 1913 பெப்ரவரியில் ரிச்சர்ட் லிடெக்கர் என்ற பெரிய இயற்கை விஞ்ஞானி, அந்த வருடத்தின் முதல் குயில் குரலைக் கேட்டுவிட்டதாக லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்கு எழுதினார். சில நாளில் மறுபடி எழுத வேண்டியதாயிற்று. கூவியது கட்டட வேலைக்கு வந்த ஒரு கூலியாள்! அந்தக் கடிதத்தை நினைத்து இன்றைக்கும் சிரிக்கிறார்கள். ஆனாலும் அந்த மனுசன் காதைத் திறந்து வைத்திருந்தாரே, எனக்கு அது போதும்.

இப்போது ஆட்களையல்ல, பறவைகளையே ஏமாற்றுகிறார்கள். ஆறுமணிக்குருவியின் குரலைப் போனில் போட்டு, சின்ன ஸ்பீக்கர் ஒன்றைப் புதருக்குள் வைத்து, அது பதறி வெளியே வந்ததும் பத்துக் கெமராக்கள் படபடவென்று அடிப்பது. அந்தக் குருவி இமயமலை அடிவாரக் காடுகள் வரை பறக்க வேண்டிய பயணத்துக்கு உடம்பில் கொழுப்புச் சேர்க்கிற நேரம் அது. இல்லாத எதிரியைத் தேட அதற்கு நேரமில்லை. கூடு கட்டும் காலத்தில் இது இன்னும் கெடுதல். இங்கேயே கூடு கட்டும் பறவை கூட்டைத் தனியே விட்டுவிட்டு வந்து சண்டை பிடிக்கும். படம் நன்றாக இருக்கும், மறுக்கவில்லை. பறவை பார்ப்பது அது அல்ல.

ஆகவே நேயர்களே, சித்திரையில் மூட்டை கட்டாதீர்கள். கொட்டாஞ்சேனையில் இருக்கிறீர்களோ, வெள்ளவத்தைத் தொடர்மாடியில் இருக்கிறீர்களோ, உங்கள் ஒழுங்கையில் காகக் கூடு இருக்கிற ஒரு மரத்தைக் கண்டுபிடித்து வையுங்கள். கறன்ட் கம்பிக்கு இடைஞ்சல் என்று கிளை வெட்ட ஆட்கள் வந்தால், ஆடி முடியட்டும், அதற்குப் பிறகு வெட்டுங்கள் என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள்.