தீராமல் நிற்கும் ஒப்பந்தங்கள் சொல்வது என்ன?



கூலிம் ஹைடெக் பூங்கா 1996-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. மலேசியாவின் முதல் உயர் தொழில்நுட்பப் பூங்கா அது. உள்ளே மின்னணுத் தொழிற்சாலைகள். சுற்றுவட்டாரத்தில் செம்பனைத் தோட்டங்கள். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பெற்றோரின் பிள்ளைகள் இன்று தொழிற்சாலைகளில் ஷிப்ட் பார்க்கிறார்கள். கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது, கைத்தொலைபேசியும் இருக்கிறது. "செம்பனை எண்ணெயில் ஓப்பன் இன்ட்ரஸ்ட் ஏறிவிட்டது, உடனே வாங்குங்கள்" என்று ஒரு தகவல் அதில் வருகிறது. அந்த ஒரு வரியை நம்பி உழைத்த பணத்தைப் போடலாமா என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இன்ட்ரஸ்ட் என்றதும் வட்டி என்று எண்ணிவிடக் கூடாது. தீராமல் நிற்கும் ஒப்பந்தங்களின் எண்ணிக்கைக்குத்தான் ஓப்பன் இன்ட்ரஸ்ட் என்று பெயர்.

கோலாலம்பூரில் கச்சா செம்பனை எண்ணெய்க்கான முன்பேர வணிகம் 1980-இல் தொடங்கியது. ஓர் ஒப்பந்தத்தின் அளவு 25 டன். ஓர் ஆலை தன் எண்ணெய்க்கு இன்றே விலையை உறுதி செய்துகொள்ள ஓர் ஒப்பந்தத்தை விற்கிறது. ஒரு வணிகர் வாங்குகிறார். நிற்கும் ஒப்பந்தம் ஒன்று. மறுநாள் வணிகர் அதைப் புதிதாக வந்த ஒருவரிடம் விற்றுவிட்டு விலகுகிறார். கை மாறியதே தவிர, நிற்கும் ஒப்பந்தம் அதே ஒன்றுதான். மூன்றாம் நாள் ஆலை அந்தப் புதியவரிடமிருந்து திரும்ப வாங்கிக் கணக்கை முடிக்கிறது. இப்போது எண்ணிக்கை பூஜ்யம். மூன்று முறை வியாபாரம் நடந்தது. ஆனால் எதுவும் நிற்கவில்லை. வியாபார அளவுக்கும் ஓப்பன் இன்ட்ரஸ்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நிற்கும் ஒவ்வோர் ஒப்பந்தத்துக்கும் ஒரு பக்கம் வாங்கியவர், மறுபக்கம் விற்றவர். ஆகவே எண்ணிக்கை ஏறியது என்றால் வாங்குவோர் கூடிவிட்டார்கள் என்று பொருளல்ல. விற்ற பக்கமும் அதே அளவு கூடியிருக்கிறது.

பின் ஏன் சந்தையில் உள்ளவர்கள் அதைப் பார்க்கிறார்கள்? விலையோடு சேர்த்துப் படிப்பதற்காக. விலையும் எண்ணிக்கையும் சேர்ந்து ஏறினால் புதிய பணம் உள்ளே வருகிறது. ஏற்றத்துக்குப் பலம் உண்டு என்பார்கள். விலை ஏறி எண்ணிக்கை குறைந்தால், முன்பு விற்றவர்கள் நஷ்டத்துக்கு அஞ்சித் திரும்ப வாங்குகிறார்கள். அந்த ஏற்றம் நிலைக்காமல் போகலாம். விலை இறங்கி எண்ணிக்கை ஏறினால், இறக்கத்தை எதிர்பார்த்துப் புதிதாக விற்பவர்கள் துணிந்து வருகிறார்கள். இரண்டுமே இறங்கினால் வாங்கியவர்கள் கைவிட்டு வெளியேறுகிறார்கள். இவை அனுபவ வழிகாட்டிகளே அன்றி விதிகள் அல்ல.

மாதக் கணக்கும் உண்டு. செம்பனை எண்ணெய் ஒப்பந்தம் அந்தந்த மாதம் 15-ஆம் தேதியோடு முடியும். அதற்கு முன்பே பலர் அடுத்த மாதங்களுக்கு மாறிவிடுவார்கள். ஒரு மாதத்தின் எண்ணிக்கை மட்டும் சரிவதைக் கண்டு சந்தையே காலியாகிறது என்று பதறக் கூடாது. எல்லா மாதங்களின் கூட்டுத் தொகையைப் பார்ப்பதே முறை.

ஆப்ஷன் சந்தையில் இன்னும் கவனம் தேவை. விலை இறங்கினால் பயன் தரும் 'புட்' ஒப்பந்தங்கள் மிகுதியாக நின்றால் அச்சம் பரவியிருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். வீட்டுக்குத் தீக்காப்புறுதி எடுத்தவர் தீப்பிடிக்கும் என்று நம்பியா எடுக்கிறார்? கையிருப்பில் சரக்கு வைத்திருப்பவரும் அப்படித்தான் 'புட்' வாங்குகிறார். அதை அவருக்கு விற்றவரோ, விலை விழாது என்று எண்ணி விற்றவராக இருக்கலாம்.

எண்ணிக்கைக்குப் பின்னால் நிற்பவர் யார் என்று தெரியாதபோது என்ன ஆகும் என்பதற்கு அண்டை நாடான சிங்கப்பூரில் ஒரு பாடம் உண்டு. 1995-இல் பேரிங்ஸ் வங்கியின் நிக் லீசன், அங்குள்ள சைமெக்ஸ் சந்தையில் ஜப்பானிய நிக்கேய் குறியீட்டு ஒப்பந்தங்களை மலைபோலக் குவித்தார். ஏதோ பெரிய வாடிக்கையாளருக்காக வாங்குகிறார் என்றே பலரும் நினைத்தார்கள். ஜனவரி 17-ஆம் தேதி கோபே நகரில் நிலநடுக்கம் ஏற்பட்டது. நிக்கேய் சரிந்தது, அவர் மேலும் வாங்கினார். பிப்ரவரி முடிவதற்குள் இரு நூற்றாண்டுக்கு மேல் பழமையான வங்கி வீழ்ந்தது. நஷ்டம் 80 கோடி பவுண்டுக்கும் அதிகம். அவ்வளவு பெரிய எண்ணிக்கையும் வலிமையின் அடையாளமாக இருக்கவில்லை. மறைத்து வைத்த நஷ்டத்தின் நிழலாக இருந்தது.

நாளைய செய்தியையும் இந்த எண்ணிக்கை அறியாது. 2022 ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா ஏற்றுமதிக்குத் தடை விதித்தபோது மலேசியாவில் செம்பனை எண்ணெய் டன்னுக்கு 7,000 ரிங்கிட்டைத் தாண்டியது. மே மாதத்தில் தடை நீங்கியது. ஜூலையில் விலை 4,000 ரிங்கிட்டுக்கும் கீழே போனது. டன்னுக்கு 3,000 ரிங்கிட் இறங்கினால் ஓர் ஒப்பந்தத்தில் 75,000 ரிங்கிட் போகும். முன்பணம் சிறிதாக இருக்கலாம். ஆனால் நஷ்டம் முன்பணத்தோடு நிற்பதில்லை.

இந்தியாவில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி 2024-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. பங்கு சார்ந்த முன்பேர, ஆப்ஷன் வணிகத்தில் மூன்று நிதியாண்டுகளில் இறங்கிய தனிநபர்களில் 100-க்கு 93 பேர் நஷ்டமடைந்தனர். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் அதிகம். அவர்கள் கண்முன்னும் ஓப்பன் இன்ட்ரஸ்ட் கணக்கு தினமும் இருந்ததுதான்.

ஆலைக்காரருக்கு விலை விழுந்தாலும் கையில் எண்ணெய் இருக்கிறது. ஒப்பந்தம் அவருக்குப் பாதுகாப்பு. தொழிற்சாலை ஊழியரின் கையில் எண்ணெய் இல்லை. மாதச் சம்பளம்தான் இருக்கிறது. ஒரே ஒப்பந்தம் ஒருவருக்குக் குடையாகவும் மற்றவருக்குப் புயலாகவும் ஆவது இப்படித்தான்.

எனவே நேயர்களே, ஓப்பன் இன்ட்ரஸ்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். சந்தையில் எத்தனை ஒப்பந்தங்கள் தீராமல் நிற்கின்றன என்பதை அது சொல்லும். யார் சொல்வது சரி என்பதை மட்டும் அது ஒருபோதும் சொல்லாது. "உடனே வாங்குங்கள்" என்று தகவல் வந்தால், எதிர்ப்பக்கத்தில் விற்பவர் யார் என்று ஒரு கேள்வி கேளுங்கள். விடை தெரியாதவரை சேமிப்பு வங்கியிலேயே இருக்கட்டும்.