கொல்லிப்பாவைக்குப் பேய் மியூசிக் போட்ட கதை

இந்த எபிசோடுல ஹெட்ஃபோனை மாட்டிட்டு லைட்டை அணைங்கன்னு சொல்லப்போறதில்லை. ரெண்டு மாசம் முன்னாடி அப்படிச் சொல்லி ஒரு எபிசோடு போட்டேன். அதைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசணும்.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவு. ராத்திரி அந்த ரோட்ல ஒரு பொம்பளை சிரிப்புச் சத்தம் கேட்கும், திரும்பிப் பார்த்தா வண்டி பள்ளத்துலன்னு நான் சொன்னேன். அந்தச் சிரிப்பை எங்கேயோ டவுன்லோடு பண்ணிச் சேர்த்ததும் நான்தான். நல்லா ஓடுச்சு.

அப்புறம் ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. அந்த மலையில பிறந்து, இங்க ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிற ஒரு பொண்ணு. கோபமா கூடப் பேசலை. "அண்ணா, நீங்க பேய்னு சொன்னது எங்க சாமி. ஊர் நோம்பிக்கு ரூம்மேட்ஸை எல்லாம் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தேன். உங்க எபிசோடைக் கேட்டுட்டு யாரும் வரலை. இப்ப என்னைப் பார்த்தாலே அந்தச் சிரிப்பைச் சிரிச்சுக் காட்டுறாங்க."

ரெண்டு நாள் பதில் போட முடியலை. அப்புறம்தான், முதல்லயே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன்: படிச்சேன்.

நாம கேள்விப்பட்ட கதை இதுதான். முனிவர்களுக்குத் தொல்லை கொடுத்த அசுரர்களை மயக்க ஒரு பெண் பதுமை செஞ்சு வச்சாங்க. ஆள் வாடை பட்டா அது அசையும், சிரிக்கும். மயங்கிக் கிட்டப் போனவன் செத்தான். ஆனா சங்கப் பாட்டுக்குப் போனா ஆளே வேற. குறுந்தொகை 89-ல பரணர் அந்த மலையைத்தான் பயம் நிறைந்ததுன்னு சொல்றார். மேற்குச் சரிவுல தெய்வம் எழுதி வச்ச பாவையை நல்ல இயல்பு உள்ளவள்னுதான் சொல்றார். அதுவும் எதுக்கு? உரல்ல குத்திக்கிட்டே பாடுற ஒரு பொண்ணை அவளுக்கு ஒப்பிட! நற்றிணை 201-ல காத்து மோதினாலும், மழை கொட்டினாலும், இடி விழுந்தாலும், பூமியே அதிர்ந்தாலும் அழகு குறையாத பாவை அவ. குறுந்தொகை 100-ல கபிலர், வல்வில் ஓரியோட மலைப் பாவை மாதிரி என் காதலியும் கைக்கு எட்டாதவன்னு ஒருத்தனைப் புலம்ப விடுறார். இந்த மூணு பாட்டுலயும் அவ ஒருத்தரையும் கொல்லலை. கிட்டத்தட்ட ரெண்டாயிரம் வருஷம் முன்னாடி காதலியைப் புகழ எடுத்த பேரை, நான் வியூஸுக்காகப் பள்ளத்துல தள்ளியிருக்கேன்.

இன்னொண்ணு. அங்க இருக்கிற பழங்குடி மக்களுக்கு மலையாளின்னு பேர். கேரளா இல்லைங்க, மலையை ஆள்றவங்கன்னு சொல்லிக்கிறாங்க. முன்னோர் காஞ்சிபுரத்துல இருந்து மலையேறினாங்கங்கிறது அவங்க வாய்வழிக் கதை. பாவையை எட்டுக்கை அம்மன் கோயில்ல கும்பிடுறாங்க. சாமை, மிளகு, காபி, அன்னாசி விளையுற ஊர். பலாவும் உண்டு. நற்றிணைப் பாட்டுலயும் பலா வருது. எனக்குப் பேயை விட அதுதான் புல்லரிச்சுது.

பேய்க்கதையே சொல்லக் கூடாதுன்னு நான் சொல்லலை. எனக்கே பிடிக்கும். ஆனா சென்னை ஃபிளாட்டுல நமக்கு அது பதினஞ்சு நிமிஷப் பயம். அந்தப் பொண்ணுக்கு அது வீட்டு அட்ரஸ்.

பழைய எபிசோடை எடுத்துட்டேன். அவளுக்கு மன்னிப்பு அனுப்பினேன். ராத்திரி அவ அம்மாயிக்குப் போன் போட்டு, என்னை ஸ்பீக்கர்ல விட்டா. நான் தயங்கித் தயங்கி, "அம்மாயி, அந்தப் பாவை சிரிக்குமா?"ன்னு கேட்டேன்.

"சிரிக்கும். ஏன் சிரிக்கக் கூடாது? நம்ம வூட்டுக்கு ஒருத்தரு வந்தா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா இருப்போம்?" அப்புறம் ஒரு சின்ன இடைவெளி. "நீ எப்ப வர்ற? பலா பழுக்கிறப்ப வா. ராத்திரி வராத. பேயெல்லாம் இல்ல, அந்த வளைவுல உனக்கு வண்டி ஓட்டத் தெரியாது."