பைலட் கனவும் புள்ளிப் புத்தகமும்

பிளஸ் டூ முடித்த பிள்ளை "பைலட் ஆகப்போறேன்" என்றால், வீட்டில் முதலில் எழும் கேள்வி, "எவ்வளவு ஆகும்?" பல லட்சம் ஆகும்தான். ஆனால் பணத்தைப் புரட்டுவதற்கு முன்னால் போக வேண்டியது பயிற்சிப் பள்ளிக்கு அல்ல; விமானப் போக்குவரத்துத் துறையின் ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த மருத்துவரிடம். அங்கே ஒரு புத்தகத்தை விரிப்பார்கள். பக்கம் முழுக்க வண்ணப் புள்ளிகள், நடுவே ஓர் எண் ஒளிந்திருக்கும். அதைப் படித்துச் சொல்ல வேண்டும்; முடியாவிட்டால் உரிமம் கிடைப்பது சிக்கல்தான். தங்களுக்கு நிறப்பார்வைக் குறைபாடு இருப்பதே சிலருக்கு அந்த நாற்காலியில்தான் தெரியவருகிறது. கண்ணாடி போட்டவர்கள் உடனே பயந்துவிட வேண்டாம். அது வேறு சங்கதி.

மருத்துவச் சோதனையைத் தாண்டிய பிறகு, 18 வயது, 200 மணி நேரப் பறத்தல், எழுத்துத் தேர்வுகள். எல்லாம் முடிந்தால் வணிக விமானி உரிமம் கைக்கு வரும். பயிற்சிப் பள்ளி விளம்பரங்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளும்! பழகியதென்னவோ செஸ்னா மாதிரிக் குட்டி விமானம். ஏர்பஸ் ஓட்ட 'டைப் ரேட்டிங்' என்று தனிப் பயிற்சி, பெரும்பாலும் தனிச் செலவு. அதற்குப் பிறகும் வேலைக்காகக் காத்திருப்பவர்கள் உண்டு. கடன் கொடுத்த வங்கிக்கு அதெல்லாம் தெரியாது. தவணை தேதி தவறாமல் வரும். வீட்டுப் பத்திரத்தை வெளியே எடுக்கும் முன், வேலைக்காகக் காத்திருக்கும் மாதங்களில் வட்டியை யார் கட்டுவது என்று அப்பாவும் பிள்ளையும் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.