60 ஓம் பாடம்

(பொன்னேரி வட்டார ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

இங்கே தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் இருக்கிறீர்கள், பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவர்களும் இருக்கிறீர்கள். நான் பேசப்போவது ஜெனரேட்டரைப் பற்றி. 'இது ஐ.டி.ஐ.காரர்கள் வேலையாயிற்றே' என்று முகம் சுளிக்காமல் கொஞ்சம் கேளுங்கள்.

திருப்பாலைவனத்துக்கும் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கும் ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு டீசல் இன்ஜின் புதிதல்ல. சத்தத்தை வைத்தே நோசில் அடைப்பா, டீசலில் தண்ணீரா என்று சொல்லிவிடும் அப்பாக்கள் அந்த வீடுகளில் உண்டு. முகத்துவாரம் மண்மூடி, இறால் வரத்துக் குறையும் காலங்களில் அந்தக் கைவேலைதான் பலருக்குக் கஞ்சி ஊற்றுகிறது. இப்போது அந்தக் காதுக்கே சோதனை வந்திருக்கிறது.

2023 ஜூலை 1 முதல் ஜெனரேட்டர் புகைக்கான மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதற்கு ஈடுகொடுக்கப் பல இன்ஜின்களில் டீசல் அளவைத் தீர்மானிக்கும் வேலை ஈசியூ என்னும் சிறு கணினியிடம் போய்விட்டது. ஜெனரேட்டரின் முகப்பில் இருக்கும் கன்ட்ரோலர் இன்னொரு கணினி. இரண்டும் பேசிக்கொள்ளாவிட்டால், இன்ஜினில் ஒரு குறையும் இல்லாமலேயே ஜெனரேட்டர் நின்றுவிடும். மின்சாரம் போன இரவில் ஐஸ் பேக்டரியில் இப்படி நின்றால் என்ன ஆகும் என்று குப்பத்துப் பிள்ளைக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

அவை பேசும் முறைக்குப் பெயர் 'கேன்'. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் கார்களுக்காக உருவாக்கி 1986இல் வெளியிட்டது. அதன்மேல் லாரி, டிராக்டர், ஜெனரேட்டர் இன்ஜின்களுக்காக எழுந்த பொது மொழி 'ஜே 1939'. முறுக்கிய இரண்டே ஒயர்கள். அதில் எல்லோரும் பேசலாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தால், எந்தச் செய்தியின் எண் சிறியதோ அது தொடரும், மற்றது தானாக ஒதுங்கிக் காத்திருக்கும். நம் ஏரியில் 'பாடு' இருக்கிறதே, யார் எந்த இடத்தில் என்றைக்கு வலை கட்டுவது என்று முறைவைத்துக்கொள்வது, அதைச் சொல்லி இதை ஆரம்பிக்கலாம். ஆனால் வேறுபாட்டையும் சொல்லிவிடுங்கள். பாட்டில் எல்லோருக்கும் முறை வரும். இங்கே அவசரச் செய்திக்கே முதல் இடம். எது நியாயம் என்று வகுப்பில் ஒரு சண்டை மூளும். மூளட்டும்.

இனி ஒயர். அதன் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை ஒவ்வொன்று இருக்க வேண்டும். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு இரண்டு ஒயர்களுக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தால் ஏறக்குறைய 60 ஓம் காட்ட வேண்டும். சர்வீஸ் வேலைக்குப் போகும் பழைய மாணவன் ஒருவன் ஒருநாள் போனில் அழைத்தான். "டீச்சர், 120 காட்டுது. சில நாள் ஓடுது, சில நாள் நின்னுடுது" என்றான். சமமான இரண்டு மின்தடைகளைப் பக்க இணைப்பில் வைத்தால் எவ்வளவு என்று மட்டும் கேட்டேன். "பாதி... அப்போ ஒண்ணு இல்ல டீச்சர்!" என்று வைத்துவிட்டான். பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடம்தான் இது. 40 ஓம் காட்டினால் என்ன பொருள் என்று நீங்கள் கேளுங்கள். யாரோ மூன்றாவதாக ஒன்றைச் செருகியிருக்கிறார்கள் என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

ஒயர் சரியென்றால் அமைப்பு வேலை. பெரும்பாலும் வேகம் நொடிக்கு 250 கிலோபிட். ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ஈசியூவுக்கு மின்சாரம் கொடுத்து அதை எழுப்பும்படி கன்ட்ரோலரில் அமைக்க வேண்டும். தூங்குகிறவனிடம் கேள்வி கேட்டால் பதில் வராது. பிறகு பட்டியலில் இன்ஜின் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். மொழி பொதுவானதுதான், ஆனால் ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் சில பிடிவாதங்கள் உண்டு. குறிப்பிட்ட முகவரியிலிருந்து வந்தால்தான் வேகக் கட்டளையை மதிக்கும் இன்ஜின்கள் இருக்கின்றன. தவறாகத் தேர்ந்தெடுத்தால் ஆயில் பிரஷர் அழகாகத் திரையில் தெரியும், வேகம் மட்டும் சொன்னபடி கேட்காது. நான்கு துருவ ஜெனரேட்டர் 50 ஹெர்ட்ஸ் தர நிமிடத்துக்கு 1500 சுற்று வேண்டும். இப்படியான அரைகுறைப் பேச்சுதான் மெக்கானிக்கை அதிகம் அலைய வைக்கிறது.

கணக்கு ஆசிரியர்களுக்கு ஒன்று. அந்த 1500 ஒயரில் 1500 என்று போகாது. ஓர் அலகு என்பது 0.125 சுற்று, ஆக, போவது 12000. அது 224, 46 என்று இரண்டு பைட்டாகப் போகும், சிறிய இடமதிப்பு முதலில். 46ஐ 256ஆல் பெருக்கி 224ஐக் கூட்டுங்கள், 12000 வரும். திருப்பிப் படித்தால் 57390, அதாவது 7173.75 சுற்று! இடமதிப்பு ஏன் முக்கியம் என்று இதைவிட நன்றாகச் சொல்ல எனக்குத் தெரியாது. தண்ணீர் வெப்பநிலைக்கு, வரும் எண்ணில் 40ஐக் கழிக்க வேண்டும். 125 வந்தால் 85 டிகிரி. ஆனால் 255 வந்தால் 215 டிகிரி அல்ல. 'தகவல் இல்லை' என்று பொருள். தேர்வுக்கு வராத பிள்ளைக்கு நாம் சுழியம் போடுவதில்லையே, அதுபோல.

தொழிற்கல்விப் பிரிவு எல்லாப் பள்ளியிலும் இல்லை. ஜெனரேட்டரைத் திறந்து காட்டவும் வேண்டாம். 415 வோல்ட் இருக்கும் இடம், ஆட்டோவில் இருந்தால் சொல்லாமலே ஸ்டார்ட் ஆகும். 120 ஓம் மின்தடை மூன்று, முறுக்கிய ஒயர் இரண்டு மீட்டர், ஆய்வகத்தில் இருக்கும் மல்டிமீட்டர் போதும். ஒரு மின்தடையை மறைவாகக் கழற்றிவிட்டு, எது போயிற்று என்று அளந்து கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அப்பாவின் இன்ஜின் அறிவுள்ள பிள்ளை வகுப்பில் பின்வரிசையில்தான் இருப்பான் அல்லது இருப்பாள். மீட்டரை முதலில் அந்தக் கையில் கொடுங்கள். எங்கள் பள்ளியில் அடுத்த வாரம் இதைச் செய்கிறோம். பார்க்க வருகிறவர்கள் வரலாம்.